போனாரா, போகலையா

ஒரே காலையில் முப்பது பேர் வயிற்றுப்போக்கு நிற்க மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கேட்டு வந்தபோதுதான் மருந்துக்கடைக்காரிக்குச் சுருக்கென்றது. முப்பது பேரும் பக்கத்து மூன்று தெருக்காரர்கள், ஒரே தொட்டித் தண்ணீர் குடிப்பவர்கள். அவள் அந்த வார்டின் நகராட்சி உறுப்பினரும்கூட.

‘தண்ணீர் பரிசோதிக்கப்பட்டது, குடிக்க உகந்தது’ என்று நகராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட தாள் தெருமுனைகளில் ஒட்டியிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் போய்க் கேட்டாள். அந்த மாதம் சோதனைக்குத் தண்ணீரே அங்கு வந்து சேரவில்லை என்றார்கள். அவள் தங்கை மகள் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினாள்.

தலைவரைப் பதவியிலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவர முடிவு செய்தாள். கடையை மதியத்தில் சாத்திவிட்டு ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுப் படியாக ஏறி இறங்கினாள். நான்கு மாதம் அலைந்தாள். மொத்தம் இருபத்தொரு பேர். தீர்மானம் நிறைவேறப் பதினான்கு பேர் வேண்டும். பதினான்கு கையெழுத்தும் சேர்ந்தது.

கூட்டம் தொடங்கியதும் செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“தலைவர்கிட்டேருந்து காலைல ஒரு கடிதம் வந்திருக்கு. ராஜினாமான்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா?” என்றாள் அவள். “படிங்க சார்.”

‘உடல்நிலை கருதிப் பொறுப்பிலிருந்து விடுபட விரும்புகிறேன்.’ அவ்வளவுதான். தேதி இல்லை.

“விரும்புறேன்னா போயிட்டார்னு அர்த்தமா?”

“அது மன்றம் ஏத்துக்கிறதப் பொறுத்தது மேடம். அப்படியும் எடுத்துக்கலாம், இப்படியும் எடுத்துக்கலாம்.”

பர்னிச்சர் கடைக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

“அதான் போயிட்டாரே தங்கச்சி. பஸ்ஸ விட்டு எறங்கினவனப் புடிச்சு மறுபடி எறக்கி விடணுமா?”

“எறங்கிட்டாரான்னுதாண்ணே கேக்கிறேன். ஒரு கால் இன்னும் படியிலதான் இருக்கு. அவரே போனா அடுத்த தேர்தல்ல வந்து நிப்பாரு. நாம நீக்கினா ஆறு வருஷத்துக்கு நிக்க முடியாது. அது வேற, இது வேற.”

“ஒடம்பு சரியில்லாத மனுஷன் மேல இன்னும் என்ன கோவம்?”

“கோவம் இல்லண்ணே. தெருமுனைல ஒட்டின தாள்ல இருக்கிறது பொய்னு இந்த மன்றம் ஒரு தடவ சொல்லணும். போயிருந்தா நம்ம ஓட்டால ஒரு நஷ்டமும் இல்ல. போகலைன்னா இத விட்டா வேற வழி இல்ல.”

சிலர் தலையாட்டினார்கள். சிலர் கைபேசியைப் பார்த்தார்கள். அப்படியானால் முதலில் ராஜினாமாவை ஏற்போம் என்று ஒருவர் சொல்ல, தேதியில்லாத கடிதத்தை ஏற்க முடியாது என்று செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஏற்கவும் முடியாது, நீக்கவும் கூடாதென்றால் எதற்குக் கூடியிருக்கிறோம் என்று அவள் கேட்டாள். இரண்டு மணி நேரம் இப்படியே போனது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று பர்னிச்சர் கடைக்காரர் எழுந்து போனார்.

ஓட்டெடுப்பில் பதின்மூன்று கைகள் உயர்ந்தன. தீர்மானம் தோற்றது. தோற்ற தீர்மானத்தை ஒரு வருடத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒன்பதாம் நாள் தலைவரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இதில் தேதி இருந்தது. முந்தையது வெறும் விருப்பம், நலம் விரும்பிகளின் வேண்டுகோளால் அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியிருந்தார். மறுநாள் அவர் கார் அலுவலக வாசலில் நின்றது.

அன்று மாலையே பர்னிச்சர் கடைக்காரர் மருந்துக்கடைக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்படிப் பண்ணுவார்னு நெனைக்கல தங்கச்சி.”

“என்ன வேணும்ணே?”

“தலவலி மாத்திரை.”

எடுத்துக் கொடுத்தாள். பேசினால் வாயில் என்ன வருமென்று அவளுக்கே பயமாக இருந்தது.

அவர் போனதும், உள்ளே மருந்து அடுக்கிக்கொண்டிருந்த தங்கை வெளியே வந்தாள்.

“உனக்கு எதுக்குக்கா இந்தப் பாடு? பேசாம நீயும் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வா.”

“நான் குடுத்தா யாருக்கும் சந்தேகமே வராதுடி. தேதி இல்லாட்டியும் அவங்களே போட்டு அன்னிக்கே ஏத்துக்குவாங்க.”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. பில் போடும் கணினியை ஒதுக்கிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். தொட்டித் தண்ணீரைத் தன் முன்னிலையில் சோதிக்க வேண்டும் என்று தலைவருக்கே மனு எழுத ஆரம்பித்தாள்.