பிஸ்கட் டப்பாவில் ஒரு பாட்டு

முனிவேலுக்குக் கை சும்மா இருக்காது. பஸ் ஏறினால் முன்சீட்டுக் கம்பியில் தாளம், சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் தாளம். அந்தக் கைதான் கடைசியில் அவன் கண்ணைக் குத்தியது.

எண்பத்தொன்பதில் ஓசூர் சிப்காட் கம்பெனி ஒன்றில் அவன் கிரைண்டிங் ஆபரேட்டர். இரும்புத் துண்டைக் காந்தமேடையில் ஒட்ட வைத்து மட்டமாக இழைப்பது வேலை. இழைத்ததும் அதைப் பக்கத்திலிருக்கும் மின்சாரப் பலகைமேல் இழுத்துக் காந்தத்தை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தூள் ஒட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்‌ஷனில் துண்டு திரும்பி வந்துவிடும். பலகை ‘ம்ம்ம்’ என்று உறுமும். யோசிக்காமல் கை தானாகச் செய்யும் வேலை அது.

ஷிப்ட் முடிந்தால் அவன் பம்பைக்காரன். டயர் கடைக்காரர் மகன் ஜமீர் அகமது கிடார். அதே கம்பெனியில் பேக்கிங் பார்த்த ராசாத்தி பாட்டு. பம்பையும் கிடாரும் ஒரே கொட்டகையில் என்றதும் அவர்கள் ஊரான குருபரப்பள்ளியே சிரித்தது. “கல்யாணத்துக்கு வாசிப்பீங்களா, கருமாதிக்கா?” என்று கேட்டார்கள். ராசாத்தி வாயைத் திறந்ததும் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ‘மழையே பா, மழையே ரா, மழையே வா’ என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் மழையைக் கூப்பிடுகிற பாட்டு. அவள் கூப்பிட்டால் வராத மழை என்ன மழை என்றிருக்கும்.

அவளுக்கு வேப்பனப்பள்ளியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். மாந்தோப்புக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு பாட்டு கூடாது என்பது அவர்கள் பேச்சு. அதனால் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு மூவரும் பெங்களூர் போய், ஒரே மூச்சில், ஒரே நாடாவில் பதிந்தார்கள்.

“நான் பாடுனது அதுல மட்டும்தான் இருக்குண்ணா. பத்திரம்” என்று முனிவேலிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நகல் எடுக்கலாம் என்றான் முனிவேல். ஜமீர் விடவில்லை. “ஓட ஓட நாடா தேஞ்சிடும் முனி. கேசட் கம்பெனிக்காரங்க மொதல்ல போடட்டும்.” அவன் வீட்டில் கிடாரைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. எனவே நாடாச்சுருள் ஒரு தகர பிஸ்கட் டப்பாவில் முனிவேலின் வீட்டில், ஒழுகாத ஒரே மூலையில் இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கேசட் கம்பெனி கூப்பிட்டது. ஷிப்ட் முடிந்து நேரே பெங்களூர் போகலாம் என்று முனிவேல் டப்பாவை வேலைக்கே எடுத்துப் போனான். லாக்கரை நம்பாமல், கண்ணெதிரே இருக்கட்டும் என்று மெஷின் ஓரமாக வைத்தான். மாலையில் பார்த்தால் டப்பா முழுக்க இரும்புத் தூள், தாடி முளைத்த மாதிரி. துடைத்தால் போகவில்லை. காந்தம் ஏறிவிட்டது. தூள் உள்ளே போனால் நாடா என்னத்துக்கு ஆகும்? டப்பாவை எடுத்துப் பலகைமேல் ஒரு இழுப்பு இழுத்தான். தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. ராசாத்தி பாட்டாயிற்றே என்று இன்னொரு தடவையும் இழுத்தான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இவன் தாழியைத் துடைத்து உடைத்தான்.

கேசட் கம்பெனியில் சுருள் சுழன்றது. ‘ம்ம்ம்’ என்றது, அவ்வளவுதான். ஜமீர் திருப்பிப் போடச் சொன்னான். சத்தத்தைக் கூட்டச் சொன்னான். அந்த உறுமல் என்னவென்று அந்த அறையில் முனிவேல் ஒருவனுக்குத்தான் தெரியும். தூளோடு, நாடாவில் காந்தமாகப் பதிந்திருந்த பாட்டையும் பலகை இறக்கிவிட்டது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் தெரிந்த பிறகு ஜமீர் கிடாரைத் தொடவில்லை. முனிவேலைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆடிக்கு ராசாத்தி தாய்வீடு வந்தாள். கைநிறைய வளையலோடு முனிவேல் வீட்டு வாசலில் நின்று, வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

“கேசட் வந்திடுச்சாண்ணா? கடையில எங்கியும் காணோமே?”

அவன் மறைக்கவில்லை. பலகை, தூள், இரண்டாவது இழுப்பு எல்லாம் சொன்னான். அவள் அழுவாள் என்று பார்த்தான். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொருவாட்டி பாடிடும்மா” என்றான், வெட்கத்தை விட்டு. “யாருக்கும் தெரியாம எடுத்திடலாம்.”

“அவரு தலையில கைய வச்சு சத்தியம் பண்ணிட்டேண்ணா. இனிமே பாடுனா அவரு உசுருக்குத்தான்.” பிறகு, “நான் பாடுவேன்னு அங்க யாருகிட்ட சொன்னாலும் நம்பமாட்டேங்கறாங்க. கேசட் வரட்டும், பாருங்கன்னு சொல்லி வச்சிருந்தேன்” என்றாள்.

டப்பாவை எடுத்துத் திறந்தாள். நாடாவின் நுனியை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“பா. ரா. வா.”

பாடவில்லை. கடைக்காரரிடம் சாமான் பெயர் சொல்லுகிற மாதிரி சொன்னாள். சத்தியம் கெடவில்லை.

“பாட்டு இப்படித்தானே இருந்திச்சிண்ணா?” என்று கேட்டாள்.

முனிவேலின் கை முதல்முறையாகச் சும்மா இருந்தது.