எண்ணை மறைத்துப் பேசியவள்

ரோரி ஹேடோ சுத்தியலோடு வந்த அன்று டண்டீ நகரில் நல்ல வெயில். அவன் வந்தது, புருஷன்மாரின் அடிக்குத் தப்பி வந்த பெண்களை ஒளித்து வைத்திருந்த வீட்டுக்கு. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவனைப் போல அவன் கதவைத் தட்டினான். திறந்தவள் அவன் மனைவி ஊனா. முதல் அடி தோளில் விழுந்து எலும்பை உடைத்தது. அடுத்தது முகத்தில். வீட்டின் பொறுப்பாளர் எஃபி ரென்னி சமையலறையிலிருந்து கொதிக்கும் கெட்டிலோடு ஓடிவந்து அதை அவன் தலையில் கொட்டியிராவிட்டால் ஊனா அங்கேயே செத்திருப்பாள். உயிர் தப்பியது, இடது கண் போயிற்று.

தோலுரிந்த முகத்தோடு விலங்கில் நின்ற ரோரியிடம், முகவரி எப்படிக் கிடைத்தது என்று போலீஸார் கேட்டார்கள். அவன் சிரித்தான். "அந்த வீட்டுக்குள்ள இருக்கிறவதான் சொன்னா" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பேச்சு ஊனாவின் தம்பி ஸ்ட்ரூவன் காதுக்குப் போனது. அர்ப்ரோத் துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்குகிறவன். அக்காவை உயிராக நினைத்தவன். வீட்டுக்குள் முகவரி தெரிந்து, வெளியே போய்வருகிறவள் எஃபி மட்டும்தான் என்று கணக்குப் போட்டான். கடை வாசலில் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவளைத் தள்ளி, கீழே விழுந்தவளின் முகத்தில் பூட்ஸ் காலால் மிதித்தான். "எங்கக்காவை எவ்வளவுக்குடி வித்தே?" என்று கேட்டுக்கொண்டே மிதித்தான். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

எஃபியின் தங்கை இசபெல், தான் வேலை பார்த்த ஸ்டர்லிங் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எஃபியின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மிதித்தவனின் முகம் தெரியவில்லை என்று போலீஸில் சொல்லியிருந்தாள். தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள், பல்லிடுக்கு வழியாக.

"ஊனாவுக்குக் கண்ணு போச்சு. தம்பியையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்றியா?"

இசபெலுக்கு யாரையாவது கொல்ல வேண்டும் போலிருந்தது. அடுத்த வார்டில் கிடந்த ஊனாவிடம் போய் உட்கார்ந்து, அந்த வீட்டிலிருந்து போனில் யாரிடமெல்லாம் பேசினாள் என்று கேட்டாள். அம்மாவிடம் மட்டும்தான், அதுவும் எண்ணை மறைத்துத்தான் என்றாள் ஊனா. எஃபிதான் மறைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தாளாம். கடைசியாகப் பேசியபோது மட்டும் அம்மா வாய் திறக்கவே இல்லை. வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. இணைப்புச் சரியில்லை என்று வைத்துவிட்டாளாம்.

இசபெலின் முதுகு நிமிர்ந்தது. அவள் வேலையே தொலைபேசி வசதிகள் ஒன்றோடொன்று மோதுமிடத்தைக் கண்டுபிடிப்பதுதான். அந்த வட்டாரத்தில் புது வசதிகளை வெள்ளோட்டம் விட்டுக்கொண்டிருந்த கம்பெனி ஒன்று அவளைத்தான் நியமித்திருந்தது. ஒவ்வொரு வசதியையும் அவள் தர்க்க விதிகளாக எழுதுவாள்: தொலைபேசி இந்த நிலையில் இருக்கும்போது இது நடந்தால், அடுத்து இந்த நிலைக்குப் போகும் என்று. எந்த நாளும் மீறக்கூடாததையும் எழுதுவாள். பிறகு கணினி, எது முன் எது பின் என்று நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் ஓட்டிப் பார்த்து, மீறல் இருந்தால் அது எந்த வழியாக வந்தது என்று காட்டும்.

வசதிகளை இரண்டிரண்டாக அவள் முன்பே சோதித்து முடித்திருந்தாள். மூன்றாகச் சேர்த்து இன்னும் தொடங்கவில்லை. இப்போது மூன்றைச் சேர்த்தாள். எண் மறைப்பு, அழைப்பை வேறு வீட்டுக்குத் திருப்பிவிடுவது, கடைசியாகக் கூப்பிட்டவரின் எண்ணைக் குரலில் சொல்வது. மீறக்கூடாத விதி ஒன்றே ஒன்று: மறைத்தவரின் எண் யார் காதிலும் விழக்கூடாது.

கணினி அதை மீறிக் காட்டியது. அழைப்பு திருப்பிவிடப்படும்போது தொலைபேசி இணைப்பகம் அதைப் புது அழைப்பாகத் தொடங்கியது. கூப்பிட்டவரின் எண் அதனோடு போனது. 'மறை' என்ற குறி மட்டும் பின்தங்கிவிட்டது.

கம்பெனி அதிகாரி பிரிங்கிள் காகிதங்களைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் தனித்தனியா சோதிச்சாச்சு, டாக்டர் ரென்னி. கச்சிதமா வேலை செய்யுது."

"தனித்தனியாத்தான் கச்சிதம்."

"இது உங்க காகிதத்துல இருக்கிற டெலிபோன். எங்களோடது இல்ல." ஒப்பந்தப்படி அவள் இதை வெளியே பேசக்கூடாது என்பதையும் அவர் நினைவூட்டினார்.

இசபெல் அர்ப்ரோத்துக்கு ரயிலேறினாள். ஊனாவின் அம்மா ஜீன் கதவைத் திறந்தாள். குழாய் ஒழுகுகிறது என்று மருமகன் வந்து சரிசெய்து கொடுத்ததையும், அதன்பின் அவன் மறுபடி வந்துபோகும்வரை போன் மணியே அடிக்காததையும் அவளே சொன்னாள். ரோரி தொட்டது குழாயை மட்டுமல்ல, ஜீனின் போனையும் தன் வீட்டுக்குத் திருப்பிவிட்டிருக்கிறான் என்பது இசபெலுக்கு விளங்கியது. அதைச் சோதித்துப் பார்க்க ஜீனின் போனைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிட்டு, அந்த வீட்டுக்காரியின் கூடத்தில் ஜீனோடு காத்திருந்தாள். தன் வீட்டில் தங்கியிருந்த எஃபியிடம், எண்ணை மறைத்து ஜீனைக் கூப்பிடச் சொல்லியிருந்தாள்.

போன் அடிக்குமுன் ஸ்ட்ரூவன் வந்துவிட்டான். அம்மாவைத் தேடி வந்தவனுக்கு, எஃபியின் தங்கை அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் வெறி ஏறியது. இசபெலின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். பின்மண்டையில் ரத்தம் கசிந்தது. ஜீன் அவன் கையைக் கடித்துப் பார்த்தாள். அவன் விடவில்லை.

மணி அடித்தது.

"எடு" என்றாள் இசபெல், மூச்சு இழுத்துக்கொண்டே. "எதுவும் பேசாதே. கேட்டுட்டு வை."

ஏனோ எடுத்தான். மறுமுனையில் ஒரு பெண், "ஜீன்?" என்றாள். பேசாமல் வைத்தான். கடைசி அழைப்பின் எண்ணைச் சொல்லும் வசதிக்கான இலக்கங்களை இசபெல் சொல்லச் சொல்ல அழுத்தினான். மறைத்திருக்க வேண்டிய எண்ணை இயந்திரக் குரல் நிதானமாக, ஒவ்வொரு இலக்கமாக அவன் காதில் சொன்னது. அவன் அதே எண்ணை அழுத்தினான்.

"யாரு?" கம்பி கட்டிய வாயிலிருந்து குழறிக்கொண்டு வந்தது. "இசபெல், நீயா? அங்க என்ன சத்தம்?"

அந்த வாயை உடைத்தவன் யார் என்று அவனுக்குத் தெரியும். பிடி தளர்ந்தது. ரிசீவர் தொங்க, தரையில் உட்கார்ந்தான்.

"அப்போ முகவரியை எஃபி சொல்லலையா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

"அவ எண்ணை மறைச்சுத்தான் கூப்பிட்டா. ரோரிக்கும் இப்படித்தான் கிடைச்சுது" என்றாள் இசபெல். கணப்பருகே கிடந்த கரி அள்ளும் வாரியை எடுத்து அவன் தோளில் ஓங்கி அடித்தாள். மறுபடி ஓங்கினாள். அவன் தடுக்கவில்லை என்பதால்தான் நிறுத்தினாள். மறுநாள் அவனே காவல்நிலையத்துக்குப் போனான்.

ரோரியின் வழக்கு நடந்தபோது மற்றதும் வெளிவந்தது. எண் கிடைத்ததும் அவன் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, பூக்கடைக்காரனைப் போலப் பேசி, அங்கே புதிதாக வந்திருந்த ஒருத்தியிடம் முகவரியைக் கறந்திருந்தான். இசபெல் சாட்சிக் கூண்டில் நின்று எண் வெளியான வழியைப் படிப்படியாக விளக்கிக்கொண்டிருக்கும்போதே ரோரி தடுப்பைத் தாண்டி அவள்மேல் பாய்ந்தான். பிடிக்க வந்த காவலரின் மூக்கை உடைத்தான். பதினெட்டு வருடம் கிடைத்தது. எண்ணைச் சொல்லும் வசதியைக் கம்பெனி சத்தமில்லாமல் அந்த ஊர்களில் நிறுத்தியது, தவறென்று ஒப்புக்கொள்ளவில்லை. இசபெலின் ஒப்பந்தமும் போயிற்று.

ஸ்ட்ரூவனின் தண்டனை முடிவாகுமுன் ஜீன், எஃபியைப் பார்க்க ஸ்டர்லிங் நகருக்கு வந்தாள். எஃபியின் தாடைக் கம்பியை அப்போது எடுத்திருந்தார்கள்; வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. மகனுக்காக நீதிபதியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று ஜீன் கேட்டாள்.

"மொதல்ல ஊனாவுக்காக அவனைக் காட்டிக்கொடுக்கல. அப்புறம் என் தங்கச்சி கழுத்தைப் பிடிச்சான்" என்றாள் எஃபி. "அவன் ஒடச்ச வாயாலயே அவனுக்காகப் பேசச் சொல்றீங்களா?"

ஜீன் தலையசைத்தாள். வற்புறுத்தவில்லை. வந்த பேருந்து திரும்பிப் போக நேரமிருந்தது. எஃபி அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்தாள்.