செல்லசாமியின் ரத்தச் சாட்சியம்

செல்லசாமிக்கு அன்று காலையில் கால் தரையில் பாவவில்லை. நாற்பது தாண்டிய மனிதன், தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டுகிறவன், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை கணக்காகத் தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, துவைத்த கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கிக்கொண்டிருந்தான். வழியில் எதிர்ப்பட்ட நாய்களிடம்கூட நின்று சௌக்கியம் விசாரித்தான். அவன் பார்க்கப் போன பெண் வேறு யாருமில்லை. அவனுடைய சொந்தப் பெண்சாதி மீனம்மாதான்.

மீனம்மா கோபித்துக்கொண்டு வட்டகொடையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்திருந்தது. காரணம் அபின். நல்லதண்ணி ஊரில் மலை யாத்திரை சீசன் கடைகளுக்கு மூட்டை தூக்கப் போனவனுக்கு, முழங்கால் வலிக்கென்று யாரோ மிளகளவு உருண்டை ஒன்றைக் கொடுத்தார்கள். வலி போயிற்று. மிளகு சுண்டைக்காயான போது வீட்டிலிருந்த பித்தளைக் குடமும் போயிற்று. ஒவ்வொரு தடவை பிடிபடும்போதும் அவன் மீனம்மாவின் உள்ளங்கையில் ஓங்கி அடித்து, மாரியம்மன் பேரில் சத்தியம் செய்வான். அன்று சாயங்காலமே கண் சொருகிக் கிடப்பான். அடிக்கிற அடியில் மட்டும் அவன் கஞ்சத்தனம் காட்டியதே கிடையாது. சிவந்ததெல்லாம் பாவம், அந்தப் பொம்பிளையின் கைதான்.

"ஒங்க சத்தியத்த அடுக்குனா ஒரு லயத்து வீட்டு வரிசையே கட்டிறலாம்" என்றாள் அவள், புறப்பட்டுப் போன அன்றைக்கு. "ஒங்க வாய் சொல்றத கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. இனிமே ஒங்க ரத்தம் சொல்லட்டும். அப்ப வாறேன்."

ரத்தம் சாட்சி சொல்லும் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னவர் தோட்டத்து டாக்டர் பத்திநாதன். ரத்தம் என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். கொழும்பில் படித்துவிட்டு வந்தபோது கொண்டுவந்த கண்ணாடிக் குழாய்களைப் பெற்ற பிள்ளைகளைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். "ஈரல்ல இருக்கிற சீனிய அபின் கெளப்பி ரத்தத்துல விட்டுரும்மா. அபின விட்டு ஒடம்பும் தேறிட்டா, சீனி தானா எறங்கிரும். மனுசன் பொய் சொல்லுவான், ரத்தம் சொல்லாது" என்று அவர் சொன்னதை மீனம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகுதான் செல்லசாமிக்குப் புத்தி வந்தது. தானாகவே போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தான். டாக்டர் அபினையே மருந்தில் கலந்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார். உடம்பு சும்மா விடுமா? கொட்டாவியும் தும்மலும் மாறி மாறி வந்தன. உரித்த கோழி போலத் தோல் புல்லரித்தது. கால்கள் அவனைக் கேட்காமலே கட்டிலை உதைத்தன. வாந்தியும் பேதியுமாகத் தண்ணீரெல்லாம் வெளியேறி ரத்தம் இறுகிவிட்டது என்று டாக்டர் உப்புப் போட்ட கஞ்சியாக ஊற்றினார். இந்தத் தவிப்பிலும் ரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்கிறது, உப்பு குறைகிறது என்று குழாயைப் பார்த்து அவர் பரவசப்பட, இங்கே இவன் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள் பசி வந்தது. பசியென்றால் அப்படி ஒரு பசி. எங்கோ ஒரு லயத்து வீட்டில் கருவாடு சுடுகிற வாசனை மூக்கில் ஏறியதும் செல்லசாமி குழந்தை மாதிரி அழுதான். அபின் தின்ற காலமெல்லாம் வாசனை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. வீடு திரும்பி, வேலைக்கும் போய், ரொட்டியும் சம்பலுமாக வெளுத்துக்கட்டினான்.

இன்றைக்குக் கடைசிச் சோதனை. மீனம்மாவுக்கும் டாக்டர் ஆள் அனுப்பியிருந்தார். "வெறும் வயித்தோட வரணும். பச்சத் தண்ணியத் தவிர எதுவும் கூடாது" என்பது அவனுக்கு உத்தரவு.

பாதை வளைகிற முடக்கில் கடை போட்டிருந்த சிங்களக் கிழவியிடம் செல்லசாமி கித்துள் மரத்துக் கருப்பட்டி ஒரு துண்டு வாங்கினான். பாலும் சீனியும் இல்லாத வெறுந்தேத்தண்ணிக்குக் கருப்பட்டி கடிப்பதென்றால் மீனம்மாவுக்கு உயிர். அதைக் கோட்டின் வலது பைக்குள் போட்டு, துள்ளிக் குதித்து ஓடிவிடும் போலக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான். நாக்கு கெஞ்சியது. ஒரு துணுக்குக்கூட வாயில் போடவில்லை. அதற்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் மீனம்மா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் செல்லசாமி இடக்கையால் வகிட்டைச் சரிசெய்துகொண்டான். அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒடம்பு வச்சிருக்கீங்க."

"கருவாடு" என்றான் அவன்.

டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டார். இடக்கை விரல்களெல்லாம் பழைய ஊசிக்குத்தில் கன்றிப் போயிருந்ததால், "வலக்கையக் குடுப்பா" என்றார். அவசரக்காரர், ஸ்பிரிட் பஞ்சால் விரல் நுனியை ஒரு தடவு தடவிக் குத்தினார். ரத்தத்தை மெல்லிய குழாயில் உறிஞ்சி, மருந்து கலந்து, சூடாக்கி, இன்னொரு மருந்தை விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குழாயில் வரும் நீலம் வெளிறியிருந்தால் சீனி அளவோடு இருக்கிறது. கறுத்தால் கூடிவிட்டது.

பள்ளிக்கூடத்து மைக்கூடு மாதிரி கறுத்தது.

டாக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. "செல்லசாமி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லீங்க டாக்டரய்யா. சத்தியமா இல்லீங்க."

சத்தியம் என்ற சொல் காதில் விழுந்ததும் மீனம்மா எழுந்து தன் துணிமூட்டையைத் தூக்கினாள். செல்லசாமிக்கு உலகமே இருண்டது. பொய் சொன்ன நாளெல்லாம் கூசாமல் நின்றவன், முதல் தடவையாக உண்மை சொல்லிப் பயந்துபோனான். வராந்தாவுக்கு ஓடி அவள் வழியை மறித்தான்.

"மீனா, ஒரே ஒரு தடவ கைய நீட்டு."

"எதுக்கு? இன்னும் செவக்கணுமா?"

சொன்னாளே ஒழிய, இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக நீண்டது. அவன் அடித்தான். ஓங்கி அடிக்கத் தெம்பில்லாமல் மெதுவாகத்தான் அடித்தான். அடித்த கையை எடுக்கப் பார்த்தால் அவள் கையும் கூடவே வந்தது.

"என்னங்க இது, பிசுபிசுன்னு?" அவள் கையைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள். "கருப்பட்டி வாசம் அடிக்குது."

"ஒனக்குத்தான் வாங்கினேன். வாயில வைக்கல புள்ள. கையிலதான் பிடிச்சிருந்தேன்."

பின்னாலேயே வந்த டாக்டர் அந்தக் கையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் ஒன் ரத்தத்தையா பாத்தேன்? விரல்ல ஒட்டியிருந்த கருப்பட்டியையில்ல பாத்திருக்கேன். எம்புத்திய என்னத்தச் சொல்ல. கை கழுவச் சுடுதண்ணியும் சவுக்காரக் கட்டியும் எடுத்துட்டு வாங்கப்பா."

கழுவும் வேலையை மீனம்மா யாருக்கும் விடவில்லை. அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பது போலத் தேய்த்தாள். செல்லசாமி ஐயோ அம்மா என்றான். உள்ளுக்குள் அவனுக்குச் சொர்க்கமாக இருந்தது.

வேறு விரலில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று பேரும் மூச்சுவிடாமல் குழாயையே பார்த்தார்கள். பட்டிப்பொல மலைப் பக்கம் பனி விலகினால் வானம் தெரியுமே, அந்த வெளிறிய நீலம் வந்தது.

"ரத்தம் சொல்லிருச்சும்மா" என்றார் டாக்டர்.

மீனம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "ரத்தம் பெறகுதாங்க சொல்லிச்சு. அதுக்கு முந்தியே இந்தக் கை சொல்லிருச்சு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தேத்தண்ணி வந்தது. செல்லசாமி பையிலிருந்து கருப்பட்டியை எடுத்துக் கொடுத்தான். அவள் அதைக் கடித்து இரண்டாக்கினாள். தன் பங்குக்கு அவன் ஆசையாகக் கையை நீட்டினான்.

"கையில தர மாட்டேன்" என்றாள் மீனம்மா. "வாயத் தெறங்க."

டாக்டர் சட்டென்று திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிவைத்த குழாய்களை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.