கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி சிரித்தாளா

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கேட்டு எழுதுவது. எங்கள் நாடகக் குழு ஒரு நகைச்சுவை நாடகம் போட்டு முடித்த மறுவாரம், மூக்குக்கண்ணாடி விற்கும் தன் கடையில் அவர் என்னை உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகளைக் காட்டி, "படிங்க" என்றார். நான் பாதியில் தடுமாறும் நேரம் பார்த்து விஷயத்துக்கு வந்தார்.

"எழுத்தாளரே, நம்ம நாடகத்தைப் பத்தி ஒரு கதை எழுதுங்க. அதுல என் பொண்டாட்டி சிரிக்கணும்."

"நிஜத்துல சிரிச்சாங்களா?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வர்றேன்?"

ஆக, விஷயம் இவ்வளவுதான். ஒரு மனிதர் தன் மனைவியை ஒரே ஒரு தடவை சிரிக்க வைக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் மாற்றிக்கொள்ளாத ஆசை இது ஒன்றுதான். என்னால் முடியும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு ஒரு பெண்ணைச் சிரிக்க வைக்க ஒரு வரி போதுமே என்று நினைத்தேன். வாய்க்கொழுப்பு.

2

முதல் தொடக்கம்: "அரங்கின் ஜன்னல்கள் வழியே மாலை வெயில் பொன்னாய்" — அந்த அரங்குக்கு ஜன்னலே கிடையாது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "சிரிப்பு என்பது உயிரினங்களில் மனிதனுக்கு மட்டுமே" — இப்படி ஆரம்பிக்கிற எதையும் படித்து எந்த மனிதனும் சிரித்ததில்லை.

மூன்றாவது: "அவள் சிரிக்கவில்லை." நறுக்கென்று இருக்கிறது. ஆனால் கேட்டவரின் ஆசைக்கு முதல் வரியிலேயே ஆப்பு வைக்கிறது.

சரி, அலங்காரம் வேண்டாம். ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். எங்கள் இயக்குநர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஒத்திகையில் யாராவது வசனத்தை விரட்டினால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தக் காலைப் பார்த்துத்தான் நாங்கள் நடிப்போம்.

நாடகம் நான் எழுதியது. குடும்பஸ்தர்களைக் கண்டாலே ஆகாத ஒரு வீட்டுக்காரர். அவரிடம் கல்யாணமே ஆகவில்லை என்று புளுகி ஒருவன் வாடகைக்கு வருகிறான். வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதெல்லாம் மனைவியை அலமாரிக்குள் தள்ளிச் சாத்துகிறான். வீட்டுக்காரராக மாஸ்டரே நடித்தார். அலமாரிக்குள் போகும் மனைவி, பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர். புளுகுகிற புருஷன் நம்ம கண்ணாடிக்கடைக்காரர்.

3

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நகைச்சுவை நாடகம் என்றால் ஒத்திகைக்கு வெளியாள் ஒருவரை முன்னால் உட்காரவைப்போம். அவர் சிரித்த வசனம் பிழைக்கும். மூன்று ஒத்திகையிலும் சிரிக்காத வசனத்தை வெட்டிவிடுவோம். ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே லைசென்சும் கொடுக்கக் கூடாது என்பது மாஸ்டரின் வாதம். வழக்கமாக அவர் மச்சினன் வந்து உட்காருவார். நாற்காலியை நகர்த்தினாலே விழுந்து விழுந்து சிரிக்கிற மனுஷன். அவர் தயவில் எங்கள் போன நாடகத்தில் ஒரு வரிகூட வெட்டுப்படவில்லை. பார்க்க வந்தவர்கள்தான் பாதியிலேயே எழுந்து போனார்கள்.

இந்தத் தடவை கண்ணாடிக்கடைக்காரர், "என் வீட்ல வரட்டும்" என்றார்.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள்.* பல் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட அவள் சிரிப்பைப் பற்றிச் சொல்வார்கள், வலிக்கிற வாயோடு.

[* 'அவள்' என்று எழுதுவதற்கு மன்னிக்கவும். 'அவர்' என்று போட்டால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்கிறார்கள். தவிர, அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள்.]

"தங்கச்சியா? அது எல்லார்கிட்டயும் சிரிச்ச முகமாச்சே மாப்ளே. அப்ப கவலையே இல்ல" என்றார் மாஸ்டர்.

"ஆமா. எல்லார்கிட்டயும் சிரிப்பா" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அந்த 'எல்லார்கிட்டயும்' சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. நான் அதைக் கவனித்ததாக இங்கே எழுதிக்கொண்டால் எனக்குப் பெருமை. கவனிக்கவில்லை.

அவள் வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நிஜமா வந்தா மட்டும் சிரிக்கணுமா? இல்ல, சிரிக்கணுமேன்னு சிரிக்கணுமா?"

"நிஜமா வந்தா மட்டும்மா."

"அப்ப சரி" என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

என் நாடகத்தின் உச்சமான இடம் ஒன்று உண்டு. அலமாரிக்குள் மனைவி தும்மிவிடுவாள். "அலமாரியில என்ன சத்தம்?" என்பார் வீட்டுக்காரர். "கரப்பான் சார்." "கரப்பான் தும்முமா?" "ஜலதோஷம் பிடிச்ச கரப்பான் சார்." இதை எழுதிய நாளில் எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவையும் அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "கரப்பான் இருக்கிற வீட்டுக்கு எதுக்கு அண்ணா வாடகைக்கு வர்றாங்க?" என்றாள்.

கரப்பான் போயிற்று. தும்மல் போயிற்று. வீட்டுக்காரரின் சொட்டைத்தலைப் பேச்சு, டீச்சர் அலமாரிக்குள்ளிருந்து பாடும் பாட்டு, எல்லாம் போயிற்று. வழக்கத்தை மீறச் சொல்லி நான் மாஸ்டரிடம் கெஞ்சினேன். கண்ணாடிக்கடைக்காரர் கரப்பானுக்காக மூன்று வாரம் வாதாடினார். பரீட்சையில் ஃபெயிலானவனுக்கு வண்டியைக் கொடுக்க முடியாது என்றுவிட்டார். கடைசியில் மிஞ்சியது இதுதான்:

"யாரு?"

"நான்தான்."

"வாங்க."

"தனியாத்தான் இருக்கீங்களா?"

"தனியாத்தான்."

இதில் பிரேக் போட என்ன இருக்கிறது? மாஸ்டரின் கால்கூட ஓய்ந்துபோயிற்று.

4

நாடகம் நடந்த மாலை. அந்த மேடையில் ஓரமாக ஒதுங்க இடமில்லை. வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை என்னுடையது என்பதால் என்னையும் அலமாரிக்குள் போட்டுவிட்டார்கள். டார்ச் லைட்டும் கையுமாக நான் ஒடுங்கிக்கொண்டேன். டீச்சர் உள்ளே வரும்போதெல்லாம் அவர் முழங்கை என் விலாவில் இறங்கியது. பி.டி. டீச்சர் முழங்கை, சாதாரணமில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் மேடையேறினார். பாத்திரம் கண்ணாடி போடாதவன் என்று மாஸ்டர் பிடிவாதம். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் நிற்பது மனுஷனா கதவா என்று தெரியாது. முன்வரிசையில் ஒரு மங்கலான கூட்டம். அதில் ஒரு மங்கல் அவர் மனைவி. இருந்த வேடிக்கையெல்லாம் வெட்டுப்பட்டுவிட்டது. இனி அவளைச் சிரிக்க வைக்கத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று அவருக்கு அங்கேதான் உறைத்திருக்க வேண்டும்.

"தனியாத்தான் இருக்கீங்களா?" என்றார் மாஸ்டர்.

கதவிடுக்கில் எனக்கு மேடை மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் முன்வரிசையைப் பார்த்தார். துழாவினார். பரிதாபமான, நடுங்குகிற, சத்தியம் செய்கிற குரலில், "தனியாத்தான்" என்றார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. என் கையிலிருந்து டார்ச் நழுவி டீச்சர் காலில் விழுந்தது. டீச்சர் அலமாரிக்குள் "அம்மா" என்று அலற, வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்க, கண்ணாடிக்கடைக்காரர் மறுபடியும் "தனியாத்தான்" என்றார். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். [இது சத்தத்தை வைத்து நான் ஊகித்தது. அலமாரிக்குள்ளிருந்து கண்ணீர் தெரியாது.]

திரை விழுந்ததும் அவர் கைதட்டலைக் காதில் வாங்கவில்லை. கையால் தடவிக்கொண்டே அலமாரியிடம் வந்தார்.

"சிரிச்சாளா?"

"நாங்க உள்ள இல்ல சார் இருந்தோம்" என்றார் டீச்சர்.

மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் மேடையில் யார் முகத்தையும் பார்க்கிறவரில்லை. ரோட்டைப் பார்க்கிற மாதிரி நேரே கடைசிச் சுவரைத்தான் பார்ப்பார். "அது நல்லா சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாப்ளே. மத்தது எனக்குத் தெரியாது."

அவளிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்றாளாம். புதுத் தலையணை உறைக்கும் அதையேதான் சொன்னாளாம்.

5

இப்போது நான் வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

"முன்வரிசையில் அவள் தலையைப் பின்னால் சாய்த்து" — இல்லை, அவள் சாய்கிறவளில்லை.

"கைப்பையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள்" — இது வேறு யாரோ.

"அவள் உதட்டோரத்தில் ஒரு சின்ன" — சீ, போதும்.

எழுதிய பெண்ணே இப்படி மக்கர் பண்ணிக்கொண்டிருக்கும்போது நிஜப் பெண் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை முடிந்து போகிற வழியாம்.

"நான் சிரிச்சேன்னு எழுதுறீங்களாமே அண்ணா. அவரு சந்தோஷமா சொல்லிட்டுத் திரியறாரு."

"சிரிச்சியாம்மா?"

"அதை விடுங்க." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "நாள் முழுக்க வர்றவங்க போறவங்களைப் பார்த்துச் சிரிக்கணும். வலியில என்னையே திட்டறவங்களைப் பார்த்தும் சிரிக்கணும். பல்லு தெரியணும்மா, அதுதான் நமக்கு விளம்பரம்னு டாக்டர் சொல்லுவாரு. அம்மா வீட்டுக்குப் போனா, நான் நல்லா இருக்கேன்னு அவங்க நம்பறதுக்காக அங்கயும் சிரிக்கணும். வீட்டுக்கு வந்து அவரு முன்னாடி உட்கார்ந்தாத்தான் என் மூஞ்சி சும்மா இருக்கு. இந்த உலகத்துல அவரு ஒருத்தர் முன்னாடிதான்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"இதை அவர்கிட்ட சொல்லக் கூடாதாம்மா? கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவாரு."

"சொன்னா மறுநாள்லேர்ந்து என் மூஞ்சியையே பார்த்துட்டிருப்பாரு. இது சந்தோஷமா சும்மா இருக்கிறதா, கோவமா சும்மா இருக்கிறதான்னு கேட்டுக் கேட்டே உயிரை எடுப்பாரு. அப்புறம் சும்மா இருக்கிறதும் எனக்கு ஒரு வேலையாயிடும்."

"அப்ப நான் என்னதான் எழுதறது?"

"உங்க இஷ்டம். ஆனா சிரிச்சேன்னு எழுதினீங்கன்னா இனிமே நான் வீட்லயும் சிரிக்கணும். அதை மட்டும் யோசிச்சுக்குங்க."

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி என்னைப் பார்த்து அழகாகச் சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

6

முடிவுகள்.

அவள் சிரித்தாள் என்று எழுதலாம். கேட்டவருக்குக் கேட்டது கிடைக்கும். அவள் நாளை முதல் இரண்டு ஷிஃப்ட் பார்ப்பாள்.

சிரிக்கவில்லை என்று எழுதலாம். அவர் அடுத்த நாடகத்திலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிற்பார். குழுவுக்கு லாபம்தான். ஊரே சிரிக்கும். அவர் மட்டும் வீட்டுக்குப் போய், தனக்கு எதுவும் தரப்படவில்லை என்று நினைத்துக்கொண்டே படுப்பார்.

இல்லையென்றால் ஐந்தாம் பகுதியை இருப்பது இருக்கிறபடி கொடுத்துவிடலாம். அவருக்குக் கிடைத்திருப்பது வேறு யாருக்கும் கிடைக்காதது என்று தெரிந்துபோகும். தெரிந்த பிறகும் அவரால் பேசாமல் இருக்க முடியுமா? கரப்பானுக்கே மூன்று வாரம் வாதாடிய மனுஷன் அவர். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் சொந்த வீட்டில் இருப்பது தெரியாமலே தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் என்னால் —

வாசல் மணி அடிக்கிறது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்தான். அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கதையை நானே வாசித்துக்காட்ட வேண்டுமாம், போன வாரமே சொல்லியிருந்தார். இரண்டு பேரும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார். அந்த முகம் சும்மா இருக்கிறது. அவர் முகம் கொஞ்சம் வாடுகிறது.

கதவைத் திறந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஐந்தாம் பகுதியைத் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள், அவர் இன்னும் படிக்கவில்லை. கதவைத் திறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதையும் சேர்த்து வாசிக்கட்டுமா?