மாமனாரின் மதியத் தூக்கம்

மருமகளுக்கு அன்று காலையிலிருந்தே தலை வெடித்தது. அரண்மனை என்றுதான் பேர். மழை வந்தால் மாடியெங்கும் வாளி வைக்க வேண்டும். அதில் ஒழுகாத அறைகளை வெள்ளையடித்து, விருந்தினர் விடுதியாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடத்தினாள். அன்று மத்தியானம் சுற்றுலா ஏஜென்சிக்காரம்மா பார்க்க வருகிறாள்; பிடித்துவிட்டால் சீசன் முழுக்க ஆள் அனுப்புவாள். இல்லையென்றால் வீட்டை இடித்துக் கடை கட்டுகிறவனுக்கு விற்றே தீருவேன் என்று புருஷன் ஒற்றைக் காலில் நின்றான்.

இதற்கு நடுவில் மாமனார். மத்தியானம் சாப்பிட்டதும் மன்னர் அறைக் கட்டிலில் போய்ச் சாய்ந்துவிடுவார். அவர் பிறந்த அறை அது. அதற்காக? போன மாதம் ஒரு புதுமணத் தம்பதி வெளியே போய்விட்டுத் திரும்பினால் கட்டிலில் குறட்டை! அன்றே காலி செய்துவிட்டார்கள்.

"மாமா, அது இப்ப வாடகை ரூம்."

"தெரியும்மா. கொஞ்ச நேரந்தானே?"

இந்த மனுஷனோடு யார் மல்லுக்கட்டுவது? அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஏஜென்சிக்காரம்மா தூண், மாடிப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். "இதுதான் மன்னர் படுத்த கட்டில்" என்று மருமகள் பெருமையாகக் கதவைத் திறந்தாள். கட்டிலில் மாமனார், பனியனோடு, வாயைப் பிளந்துகொண்டு. அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு திறந்து கிடந்தது. அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் எஜமானர்கள் கண்ணில் படாமல் வந்து போகக் கட்டிய வழி. பாவி, அதை மறந்தே போய்விட்டாள்.

"யாருங்க இவரு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க வேலை பாக்குறவருங்க. எத்தனை தடவ சொன்னாலும் புத்தியே வராது!"

மாமனார் கண் விழித்திருந்தார். எழுந்து விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். தலையணையைத் தட்டி வைத்தார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, அந்தச் சின்னக் கதவு வழியாகக் குனிந்து போனார்.

ஏஜென்சிக்காரம்மாவுக்கு வீடு பிடித்துப்போயிற்று. புருஷனும் வாயை மூடிக்கொண்டான். மருமகளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"மாமா, கோபம்னா நல்லாத் திட்டிடுங்க. இப்படி உம்முன்னு இருந்து உயிர வாங்காதீங்க."

"கோபமெல்லாம் இல்லம்மா. வீடு நிக்கணும்ல?"

மறுநாள் மதியம் மன்னர் அறைக்கு ஆள் இல்லை. அவளே பூட்டைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஆளைக் காணோம். எங்கே போய்த் தொலைந்தார் என்று வீடெல்லாம் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் பதறி எழுந்து நின்றார்.