அத்தையின் புதுப் பற்கள்

"கடைசி ஆறு மாசத்துக்கு என்னால பணம் கட்ட முடியாது. ஆள விடுங்க." பெரியப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த, அவருடைய தம்பி மனைவியின் கை அந்தரத்தில் நின்றது.

"நீ கடையைப் பாத்துக்க, பொண்ணு படிப்பு என் பொறுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க மாமா?"

புருஷன் இறந்துபோனதிலிருந்து அவள் அவருடைய இரும்புச் சாமான் கடையில் கல்லாவுக்கும் கிடங்குக்குமாக ஓடுகிறாள். சம்பளம் என்று ஒரு காசு பார்த்ததில்லை. மகளுடைய பல் மருத்துவப் படிப்புதான் சம்பளம்.

"சொன்னேன், இல்லேங்கல. இப்ப என் பையனுக்கு ஒரு வழி பண்ணணும். பல்லு புடுங்க எதுக்கு இவ்வளவு படிப்பு? நம்ம கடையில இல்லாத குறடா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பணம் கட்டாதவரைப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள் என்பது மகளுக்குத் தெரியும். கரையைத் தொடுகிற நேரத்தில் கையை விடுகிறார்.

சமையலறை மூலையில் அத்தை தேநீரில் ரொட்டியை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவுக்கு அக்கா. கடை இருக்கும் கட்டடம் அவள் கணவர் அவளுக்கு விட்டுப்போனது. துணைக்கு என்று வந்த பெரியப்பா கட்டடத்துக்கே சொந்தக்காரர் போல ஆகிவிட்டார். அவளுக்குப் பற்கள் ஒவ்வொன்றாய் விழுந்தபோது, "புருஷன் இல்லாதவளுக்குப் பல்லு எதுக்கு? யாரப் பாத்துச் சிரிக்கப் போறா?" என்று முடித்துவிட்டார். அவள் பேசினால் பெரியப்பாவின் மகன் குழறிக் காட்டிச் சிரிப்பான். வாயைக் கையால் மறைப்பதும் பேசாமல் இருப்பதும் அவளுக்குப் பழகிவிட்டது.

அன்று அவள் தன் தேநீர்க் கோப்பையை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தினாள். அந்த வீட்டில் அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவியும் பல்லில்லாத ஒருவருக்கு முழுப் பல் செட் செய்து காட்டவேண்டும். ஆளையும் அவர்களேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

"அத்தையைக் கூட்டிட்டுப் போகட்டுமா பெரியப்பா?"

"ஓசிதானே? தாராளமா. பல்லு டாக்டருக்கு முதல் கிராக்கி!"

கல்லூரியில் மெழுகில் பற்களை அடுக்கி அத்தையின் வாயில் பொருத்தினாள். இனி பேச வைத்துப் பார்க்கவேண்டும். உதடு சேருகிறதா, காற்று கசிகிறதா என்பது பேச்சில்தான் தெரியும். எந்த வார்த்தையும் சொல்லச் சொல்லலாம். ஆனால் கட்டடத்தைத் தன் மகன் பேருக்கு எழுதிவாங்கப் பெரியப்பா நாள் குறித்திருந்தது அவள் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

"சம்மதம்னு சொல்லுங்க அத்தை."

சொன்னாள். விசில் அடித்தது. முன்பல்லைச் சற்று உள்ளே தள்ளி மறுபடி சொல்லச் சொன்னாள். தெளிவாக வந்தது.

அத்தை அவளையே பார்த்தாள். பிறகு தானாக, "சம்மதம் இல்ல" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இதுவும் நல்லாத்தான்டி வருது" என்றாள்.

அந்தப் பற்களை மெருகேற்றும்போது பெண்ணின் மனதில் அன்பு மட்டும் இருக்கவில்லை. நன்றாகக் கடிக்கட்டும் என்றுதான் தேய்த்தாள். கடவுள் அதையும் மன்னிக்காமலா போவார்?

"வீட்டுல போடாதீங்க அத்தை. அன்னைக்குப் போட்டாப் போதும்."

"பல்லு எங்கக்கா?" என்று பெரியப்பா கேட்டபோது அத்தை கையை விரித்தாள். "சின்னப் பிள்ளைங்க கட்டுனது, ரெண்டு நாள்கூட நிக்கல பாரு!" என்று அவர் மகிழ்ந்தார்.

பதிவு அலுவலகத்தில் அத்தை வழக்கம்போல வாயை மறைத்தபடி நின்றாள். அதிகாரி பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, உங்க சம்மதத்தோடதானே எழுதிக் குடுக்கறீங்க?"

"அவங்களுக்குப் பேச்சு வராதுங்க. நான் சொல்றேன், சம்மதம்தான்" என்றார் பெரியப்பா.

அத்தை கையை எடுத்தாள்.

"சம்மதம் இல்ல."

விசில் இல்லை, குழறல் இல்லை. பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி பத்திரத்தை மடித்துப் பெரியப்பாவிடமே நீட்டினார்.

"அக்கா! யார் சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"பல்லு அவ குடுத்தா. பேச்சு என்னோடது. இந்த மாசத்துலேர்ந்து கடை வாடகைய என் கையில குடு. மொத வாடகை அவ பரீட்சைக்கு. உன் தம்பி பொண்டாட்டிக்குச் சம்பளம் போட்டுக் குடு. கட்டுபடி ஆகலையா, வேற கட்டடம் பாத்துக்க."

"சொந்தத் தம்பிகிட்டயே வாடகையா? உன்னை இத்தனை நாள் உக்கார வச்சுச் சோறு போட்டேனே!"

"ஊறவச்ச ரொட்டிதானேடா போட்ட?"

வீட்டில் யாரோ பழக்க தோஷத்தில் அவள் முன் தேநீரையும் ரொட்டியையும் வைத்தார்கள். அத்தை கோப்பையை ஒதுக்கிவிட்டு, ரொட்டியின் காய்ந்த ஓரத்தைக் கையில் எடுத்தாள்.

"மெதுவா அத்தை. புதுப் பல்லு, புண்ணாயிடும்."

"புண்ணு எனக்குப் புதுசா?"

அவள் கடித்த சத்தம், கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கும் கேட்டது.