டெல்மர் தலையில் படிந்த பாய்

கனடாவின் சஸ்கட்டூனில் பிப்ரவரி மாதம் வாசலில் நின்று மூச்சு விட்டால் அது கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்கும். அந்தக் குளிரைக்கூட ஒரீசியா ஹ்னாட்யுக் மன்னித்துவிடுவாள். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் இழை இயந்திரத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

பார்ப்பதற்கு அது பரம சாது. ஒரு பக்கம் ஊசி, அதில் பாலிமர் கரைசல். எதிரே சுழலும் உருளை. ஊசியில் மின்சாரத்தை ஏற்றினால் கரைசல் தலைமுடியைவிட மெல்லிய இழையாகப் பறந்து உருளையில் படிய வேண்டும். படியப் படிய அது ஒரு வெள்ளைப் பாயாகும். அந்தப் பாயில் செல்களை விட்டால் இழையைப் பற்றிக்கொண்டு வளரும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலத்தான். ஒரே வித்தியாசம், இந்தச் சாரத்தை யாரும் பிரிக்க வேண்டாம். உடம்புக்குள்ளேயே மெல்லக் கரைந்து போகும்.

குளிர் இறுகும்வரை இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு இழைக்கு உருளையைப் பிடிக்காமல் போயிற்று. கண்ணாடிக் கதவில் படிந்தது. ஒரீசியாவின் சட்டைக் கையில் படிந்தது. ஒருநாள் தண்ணீர்க் குழாய்க்குத் தாடி முளைத்தது. உருளைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்சமும் இழையாக இல்லை, வெறும் மணிமணியான உருண்டைகள். அதில் விட்ட செல்கள் மறுநாளே உதிர்ந்தன.

பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் ஜொசெட் லவலே காத்திருந்தாள். ஆட்டின் மூளையைச் சுற்றியுள்ள உறை கிழிந்தால் ஒட்டுப் போட அவளுக்குப் பாய் வேண்டும். மட்டில்டா என்ற ஆட்டிடம் எடுத்த செல்கள் குடுவையில் வளர்ந்து நின்றன. வெள்ளிக்கிழமைக்குள் பாயில் ஏற்றாவிட்டால் நெரிசலிலேயே செத்துவிடும். இதற்கு முன் இரண்டு குடுவைகளைக் கொட்டியாகிவிட்டது. இதையும் கொட்டினால் ஒரீசியா அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். பருப்பு ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்கெனவே அளவு நாடாவோடு வந்து, அவள் இருப்பதையே கவனிக்காதவர்கள் மாதிரி ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இத்தனைக்கும் மேலே டெல்மர் பென்னர். ஆய்வுக்கூடத் தலைவர். நல்ல மனிதர், நல்ல வழுக்கை. தினமும் மூன்று மணிக்கு வருவார். இயந்திரத்துக்குப் பக்கத்தில், சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரே ஒரு யோசனை சொல்வார்.

"காத்துல ஈரம் பத்தலம்மா."

"நாலு இடத்துல தண்ணி ஆவியடிக்குது டெல்மர். ஜன்னல்ல காளான் முளைச்சிருக்கு."

"அஞ்சாவது ஒண்ணு வச்சுப் பாரேன்."

சொல்லிவிட்டுப் போகவும் மாட்டார். மூஸ் ஜா ஊரில் அவர் இளவயதில் ஆடிய கர்லிங் ஆட்டத்தைத் தொடங்குவார். பனித்தரையில் கல்லைத் தள்ளி விடுகிற ஆட்டம். கல் மெதுவாகப் போகும். அவர் கதை அதைவிட மெதுவாகப் போகும். அந்தக் கடைசிக் கல் எங்கே போய் நின்றது என்று இதுவரை கேட்டவர் யாருமில்லை. அதற்குள் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

அந்த வியாழக்கிழமையும் வந்தார், குழாயைப் பிடித்தார், ஆரம்பித்தார். ஒரீசியா பல்லைக் கடித்துக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டாள். பக்கக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. இழை ஊசியை விட்டுக் கிளம்பியது. உருளையைத் திரும்பியும் பார்க்காமல் வளைந்து வெளியே வந்தது. டெல்மரின் வழுக்கையில் போய் உட்கார்ந்தது.

"அய்யோ" என்று கத்த வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். ஒரு உருண்டைகூட இல்லை. இத்தனை மாதமாக எதிர்பார்த்த மாதிரியே சீரான வெள்ளை இழை, சுற்றிச் சுற்றிப் படிந்துகொண்டிருந்தது.

"சரி, உனக்கு வேலை இருக்கும், நான் வரேன்" என்றார் டெல்மர்.

"அப்புறம்?" என்றாள் ஒரீசியா.

டெல்மர் திகைத்துப்போனார். அவரிடம் அந்த வார்த்தையை அவர் மனைவிகூடச் சொன்னதில்லை.

"உனக்குக் கர்லிங்னாலே ஆகாதுன்னு நெனச்சேன்."

"யாரு சொன்னா? உசிரு எனக்கு. சொல்லுங்க. கையை மட்டும் குழாய்லேர்ந்து எடுக்காதீங்க."

"ஏன்?"

"அப்படி நின்னு பேசினா குரல் கம்பீரமா இருக்கு."

அவர் குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். கல் தள்ளியவர்கள், கல்லுக்கு முன்னால் பனியைப் பெருக்கியவர்கள், பார்க்க வந்தவர்கள், அவர்கள் தின்ற பெர்ரிப் பழப் பலகாரம், எதையும் விடவில்லை. ஒரீசியாவுக்கு உயிர் போயிற்று. ஆனாலும் மூச்சு வாங்க அவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் ஒரு "அப்புறம்?" போட்டாள்.

"தலைக்குள்ள ஏதோ ஊருதும்மா."

"யோசனையா இருக்கும்."

"இருக்கலாம்" என்றார் டெல்மர் அடக்கமாக.

இருட்டத் தொடங்கியபோது இயந்திரத்தை நிறுத்தினாள். "குனியுங்க, தூசி விழுந்திருக்கு" என்று சொல்லி இடுக்கியால் உரித்தாள். பால் ஏடு போல முழுசாக வந்தது.

ஆல்கஹாலில் அலசி மறுநாள் ஜொசெட்டிடம் கொடுத்தாள். செல்கள் அதில் ஏறிப் பிடித்தன. அடுத்த வாரம் மட்டில்டாவின் மண்டைக்குள் ஒட்டும் போட்டாயிற்று. ஜொசெட் போனில் கத்தினாள்:

"ஏய், எந்த அச்சுலடி செஞ்ச இத? கோடையில நீ குடுத்த தட்டைப் பாயெல்லாம் வச்சவுடனே மடிப்பு விழுந்துச்சு. இது தொப்பி மாதிரி உக்காந்திருச்சு. இன்னும் ஆறு வேணும்."

"நம்ம ஊரு அச்சுதான்" என்றாள் ஒரீசியா.

அன்று மாலை காரை எடுக்கப் போனாள். குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க எல்லா வண்டியும் வயரைச் செருகிக்கொண்டுதான் நிற்கும். டெல்மரின் வண்டியிலிருந்து ஒரு தடித்த ஆரஞ்சு வயர் போயிற்று. அதில் அவள் கையெழுத்தில் 'இழை இயந்திரம்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

திரும்பி ஓடி வந்து இயந்திரத்துக்குப் பின்னால் பார்த்தாள். உருளையைச் சுழற்றும் மோட்டார்ப் பெட்டி கிறிஸ்துமஸ் விளக்குப் போடுகிற மெல்லிய பச்சை வயரில் செருகியிருந்தது. இரண்டே முள். எர்த் கிடையாது. பூமியோடு தொடர்பு அறுந்த உருளையை விட்டுவிட்டு, தொடர்புள்ள எதையாவது தேடி அலைந்திருக்கிறது இழை. வெந்நீர்க் குழாயைப் பிடித்த டெல்மரைவிடத் தொடர்புள்ளவர் அந்த அறையில் யார்?

"என் வயரை எடுத்தது நீங்களா?"

"வண்டி உறைஞ்சுபோச்சும்மா. சும்மாவா எடுத்தேன்? பதிலுக்கு ஒண்ணு வச்சேனே."

"அதுல எர்த் இல்ல டெல்மர்! குளிர்காலம் பூரா நான் காத்துக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன்!"

"ஆனா ஈரமும் பத்தலதான்" என்றார் அவர்.

ஆரஞ்சு வயரைப் பிடுங்கி வந்து செருகினாள். இழை நல்ல பிள்ளையாக உருளைக்குப் போயிற்று. அருமையான தட்டைப் பாய். ஜொசெட் அதைத் திருப்பி அனுப்பினாள், மடிப்பு விழுகிறதென்று. ஒரீசியா எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் இழையைப் படியவிட்டுப் பார்த்தாள். பாய் கிண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உரித்தபோது கிழிந்தது. எண்ணெய் தடவினாள், இன்னும் மோசம். மட்டில்டாவின் மண்டை வளைவும் வழுவழுப்பும் சேர்ந்தாற்போல ஊரில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஒரீசியா தன் கையாலேயே பச்சை வயரைத் திரும்பச் செருகினாள். டெல்மரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். அவர் வெகுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேரு வரணும்."

"வரும்."

எழுதிக் காட்டினாள். கருவிகள் என்ற தலைப்பின் கீழ், ஊசிக்கும் மின்பெட்டிக்கும் நடுவே இருந்தது அவர் பெயர். இரண்டு தரம் படித்தார். திருப்தியாகத்தான் இருந்தது அவருக்கு. வந்து குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு எங்க விட்டேன்?"

"கடைசிக் கல்லு" என்றாள் ஒரீசியா அவசரமாக. "கடைசிக் கல்லைத் தள்ளிட்டீங்க."

"அப்படி நடுவுல கேட்டா ஒண்ணும் புரியாதும்மா. முதல்லேர்ந்து சொல்றேன்."

இன்னும் ஆறு பாய். ஒரீசியா கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

"அப்புறம்?"